தனி அடுப்பும் ஒரு வாய்மொழித் தேர்வும்

சென்ற மாதம் நம் சமூகவியல் துறையிலிருந்து நீங்கள் இரண்டு பேர், வருவதாக முதல் நாளே போன் செய்துவிட்டு, சிங்காநல்லூரில் என் வீட்டைத் தேடி வந்தீர்கள். கருத்தரங்கு அழைப்பிதழை நீட்டினீர்கள். ‘சமூக அறிவியல்களைக் காலனியத்திலிருந்து விடுவித்தல்’ என்று மேலே பெரிய எழுத்தில் இருந்தது. தமிழில் இருந்தது அந்த ஒரு வரிதான். மற்றபடி வரவேற்புரை முதல் நன்றியுரை வரை எல்லாம் ஆங்கிலத்தில். நான் சிரித்தேன் அல்லவா, அதற்குத்தான். உங்களைக் கேலி செய்யவில்லை என்று அப்போது சொன்னேன். கொஞ்சம் கேலியும் உண்டு. அன்றைக்கு நான் சுட்டு வைத்திருந்த ஒப்புட்டை, நீங்கள் போளி என்றீர்கள், ஆளுக்கு இரண்டு சாப்பிட்டுவிட்டு, “இந்த வயசுலயும் எல்லாம் நீங்களே செஞ்சுக்கறீங்களா மேடம், சூப்பருங்க” என்றீர்கள். சந்தோஷமாக இருந்தது.

மேடையில் பேச வரவில்லை என்று அன்றே சொல்லிவிட்டேன். மைக்கைப் பிடித்தால் நான் விடமாட்டேன் என்பது துறையில் பழைய ஆட்களுக்குத் தெரியும். எழுதித் தருகிறேன் என்றேன். உங்கள் தலைப்புக்குக் கொள்கை விளக்கம் வேண்டுமென்றால் நூலகத்தில் இருக்கிறது, போய்ப் படித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது ஒரு வாய்மொழித் தேர்வு. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் இந்தத் துறையில் சேர்ந்தபோது இருந்த பாடத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கடல் கடந்த ஏதோ ஒரு நிலக்கரி ஊரில் குடும்பங்கள் எப்படிச் சிதறின என்று நடத்துவோம். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அப்பாவின் மில் மூடிக்கிடக்கும், மகள் அந்த நிலக்கரி ஊரை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்குவாள். அவள் அப்பாவைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. ஆனாலும் அந்த வகுப்பறைகள் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், மூன்று மணிக்குக் கேன்டீனிலிருந்து வரும் பஜ்ஜி வாசனை, பாடத்தை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசும் மாணவிகள். மறுபடி ஒரு நாள் அங்கே நிற்க விட்டால் போதும் என்று இருக்கிறது.

அப்போதைய துறைத் தலைவர் அதிகம் பேசாத மனிதர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் விடுகிறேன். அந்தப் பாடப் புத்தகங்களைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் ஒரு நாள் துறைக் கூட்டத்தில் குதித்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “எறிஞ்சரலாங்க அம்மணி. ஆனா அவங்க கேள்வியைத் தூக்கிப் போட்டா மட்டும் நம்ம கேள்வி வந்துராதுங்க” என்றார். எனக்கு அன்று பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் எந்தப் பக்கம் என்று முனகிக்கொண்டே வெளியே வந்தேன்.

கோகிலா என்னிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்து. இன்று உங்களோடு வேலை செய்கிற அதே கோகிலாதான். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “எழுதுங்க மேடம், ஆனா நான் அழுததை எழுதாதீங்க” என்றாள். அழுததை எழுதவில்லை.

அவள் கிணத்துக்கடவுப் பக்கம். தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. எங்கள் ஆட்கள் சாளை என்று சொல்வார்களே, அது. அப்பா இல்லை. அண்ணன் குடும்பம் வீட்டின் முன்கட்டில் இருந்தது, அம்மா மயிலாத்தா பின்னால் ஒரு அறையில் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இது கொங்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குப் புதிதில்லை. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் பெரியவர்கள் அதே வளவில், ஒரே வாசலுக்குள்ளேயே, தனி அடுப்பு போட்டுக்கொள்வார்கள். சண்டை இருக்காது. பேரன் இரண்டு வீட்டிலும் சாப்பிடுவான்.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற கணக்கெடுப்பு இலக்கணப்படி, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அப்படிப் பார்த்தால் மயிலாத்தா தனியொரு குடும்பம். இந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பாடப் புத்தகம் அடுத்த படிக்குப் போகும்: கூட்டுக் குடும்பம் உடைந்துவிட்டது, முதியவர் கைவிடப்பட்டார். கோகிலா முதல் வருடத்தில் இதைப் படித்துவிட்டு என் அறைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“எங்கம்மாவைக் கைவிட்டுட்டோம்னு எழுதியிருக்குதுங்க மேடம்” என்றாள்.

“யார் எழுதியிருக்காங்க?”

“யாரோ எழுதியிருக்காங்க. எங்கூர்ல அப்படிக் கெடையாதுங்க. மருமக கையை எதிர்பார்க்காம இருக்கணும்னு பெரியவங்க தாங்களாவே ஒல வெச்சுக்குவாங்க. அது அவங்க கௌரவமுங்க.”

“அப்ப அதையே எழுது” என்றேன்.

எழுதினாள். என்ன உழைப்பு. கிணத்துக்கடவைச் சுற்றிய ஊர்களில் தனி அடுப்பு வைத்திருக்கிற வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். பஸ்ஸில் போய், பஸ் போகாத இடத்துக்கு அண்ணனின் பழைய மொபெட்டில் போய், சாயங்காலங்களில் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்து எழுதினாள். நாலாவது அத்தியாயம்தான் ஆய்வின் உயிர். மாலையானால் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாமல் இல்லை, பெரியவர்கள் தாங்களே சமைத்து வயிறாரச் சாப்பிடுகிறார்கள், இது கைவிடப்படல் அல்ல, தன்னாட்சி என்று அதில் நிறுவியிருந்தாள். வெளியூர்க் கோட்பாட்டை நம் ஊர்க்காரி ஒருத்தி நேருக்கு நேர் நின்று மறுப்பதைப் படித்து நான் ராணி மாதிரி நடந்தேன். இப்படி ஓர் ஆய்வு வரத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. உங்களுக்குத் தெரியும், அது பொதுவில் நடக்கும், யாரும் வந்து உட்காரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். நம் பக்கத்தில் அது பாதித் தேர்வு, பாதி விசேஷம். பட்டு கட்டிக்கொண்டு வருவார்கள், வந்தவர்களுக்கு இனிப்பு காரம் உண்டு. மயிலாத்தா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு ஒரு பெரிய தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார். கருநீலச் சேலை, இரண்டாம் வரிசை, ஓர நாற்காலி. என்னைப் பார்த்ததும் எழுந்து, “என்ற புள்ளையைக் கரை சேத்திப்போட்டீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் நகரத்துக் கல்லூரி ஒன்றில் கோகிலாவுக்கு நேர்காணல். பட்டம் கையில் இருந்தால் வேலை ஏறக்குறைய உறுதி. இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். இது அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. ஆய்வேட்டில் வரிக்கு வரி பென்சில் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோகிலா தன் வாதத்தைப் பேசி முடித்ததும் கைதட்டல். அவரும் தட்டினார். பிறகு நாலாவது அத்தியாயத்தைப் பிரித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்ணு ரெண்டு சின்ன விஷயம் கேக்கணும். இந்த வீடுகளுக்குப் போறப்ப, வர்றேன்னு சொல்லிட்டுப் போவீங்களா?”

“ஆமாங்க சார். சொல்லாமப் போனா மரியாதையில்லைங்க.”

“போனா சாப்பிடச் சொல்வாங்களா?”

“சாப்பிடாம விடவே மாட்டாங்க சார்” என்றாள் கோகிலா. அரங்கம் சிரித்தது. அவளும் சிரித்தாள். “ஆய்வு முடியறதுக்குள்ள நான் ஒரு சுத்து பெருத்துட்டேனுங்க.”

அவரும் சிரித்துவிட்டுத்தான் கேட்டார். “நீங்க போன வீட்டுலெல்லாம் அடுப்பு எரிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க போகாத அன்னைக்கு எரிஞ்சுதா?”

கோகிலா தன் கையிலிருந்த ஆய்வேட்டின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள்.

ஆய்வு வழிகாட்டியே தேர்வை நடத்துபவர் என்பதால் நான் தேர்வாளருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். இந்த மாதிரி நேரத்தில் வழிகாட்டி என்ன செய்வார் என்பதும் உங்களுக்குத் தெரியும். கேள்வியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தானே பதில் சொல்லி, மற்றதை அடுத்த ஆய்வுக்குத் தள்ளிவிடுவார். எனக்கு அது கைவந்த கலை. நாக்கு நுனியில் பதில் இருந்தது. ஆனால் கோகிலா என்னைப் பார்க்கவில்லை, இரண்டாம் வரிசையில் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் சும்மா இருந்தேன்.

மகள் திணறுகிறாள் என்பது மட்டும் மயிலாத்தாவுக்குப் புரிந்தது. எழுந்து நின்றார்.

“ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லலாமுங்களா? நானும் தனி அடுப்புத்தானுங்க. தெனமும் எரியுதுங்க. எரியாம என்னுங்க? நான் நல்லாத்தானுங்க சாப்பிடறேன். என்ற ஊட்டு அடுப்பை உட்டுப்போட்டு, புள்ளைக்குப் பட்டத்தைக் குடுங்க சாமி.”

மறுபடி சிரிப்பு. தேர்வாளர் எழுந்து கும்பிட்டார். “குடுத்துருவோம்மா, உக்காருங்க” என்றார். உண்மையில் அவர் மனசு இறங்கிவிட்டது. என் பக்கம் சாய்ந்து, “சின்னத் திருத்தம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுறலாம் மேடம். அடிக்குறிப்பு ஒண்ணு போதும்” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் கோகிலா பேசினாள்.

“சார், அடிக்குறிப்புல அடங்காதுங்க. எங்கம்மா இப்பச் சொன்னாங்களே, ‘நல்லாத்தானுங்க சாப்பிடறேன்’னு, எல்லா வீட்டுலயும் எங்கிட்ட அதையேதானுங்க சொன்னாங்க. அதை வெச்சுத்தான் இந்த அத்தியாயமே எழுதியிருக்கேன். வந்தவங்ககிட்ட எங்கூர்ல வேற எதுவும் சொல்ல மாட்டாங்க. நானும் மறுவார்த்தை கேக்க மாட்டேன். எங்கம்மாகிட்டக்கூடக் கேட்டதில்லைங்க.” கையிலிருந்த ஆய்வேட்டை மூடினாள். “நான் ஹாஸ்டல்ல இருந்து சனிக்கெழமைதானுங்க ஊருக்குப் போறேன். போறப்பெல்லாம் அடுப்பு எரியுது. மத்த நாள் எனக்குத் தெரியாதுங்க. திரும்பப் போய்ப் பாத்துட்டு எழுதறேன். டைம் வேணுங்க.”

மேசைக்குக் கீழே அவள் காலை மிதிக்க வேண்டும் போலிருந்தது. அவள் எட்டாத தூரத்தில் நின்றாள், நல்லவேளை. தேர்வாளர் என்னைத்தான் பார்த்தார். வழிகாட்டி நீங்கள், நீங்கள் சொல்லுங்கள் என்கிற பார்வை. பதட்டத்தில் ஏதோ பேசுகிறாள், பொருட்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் டாக்டர் கோகிலா. அடுத்த வாரம் வேலை. அந்த அம்மாள் மடியில் கச்சாயத் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் எனக்கு எந்தக் கொள்கையும் ஞாபகம் வரவில்லை. அந்தப் பழைய துறைத் தலைவர் அன்று கூட்டத்தில் சொன்னதுதான் வந்தது. நம்ம கேள்வி என்று அவர் சொன்னாரே, அது இதோ வந்துவிட்டது, அதுவும் இப்படி ஒரு வேளைகெட்ட வேளையில். கேட்டதென்னவோ வெளியூர்க்காரர். ஆனால் அது இங்கே மட்டும்தான் கேட்க முடிகிற கேள்வி. போன இடத்திலெல்லாம் சோறு போடுகிற ஊரில்தான், வந்தவருக்காக மூட்டிய அடுப்பைத் தினமும் எரிவதாக எழுதிவிடுகிற தப்பும் நடக்கும். எந்தப் பாடப் புத்தகத்திலும் அதற்கு எச்சரிக்கை இருக்காது.

“அவங்க சொன்னதை அப்படியே பதிவு பண்ணிக்கலாம் சார்” என்றேன்.

வெளியே வராந்தாவில் மயிலாத்தா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க மேடம், அதுதான் சின்னப் புள்ளை, வெவரமில்லாமப் பேசிப்போடுச்சு. நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. அந்தய்யா குடுக்கறேன்னுதானுங்க சொன்னாரு.” அவ்வளவு கோபத்திலும் தூக்கைத் திறந்து வந்தவர்களுக்கெல்லாம் கச்சாயம் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார்.

அந்த வேலை போய்விட்டது. கோகிலா பிறகு பல வருடம் அங்கேயும் இங்கேயும் தற்காலிக விரிவுரையாளராக அலைந்தாள். நேர்மைக்குப் பரிசு கிடைத்தது என்று நான் உங்களுக்குக் கதை விடமாட்டேன். அந்த வருடங்களில் சில நாள் அவளை பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் எனக்கு மனசு கலங்கும், வேறு பக்கம் போய்விடலாமா என்று தோன்றும். அவள்தான் ஓடி வந்து பேசுவாள்.

ஆய்வை முடித்தாள். இரண்டாம் தடவை அவள் சொல்லாமல் போனாள், கையில் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு. அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நம் ஊரில் ஒரு வீட்டுக்குள் டிபன் பாக்ஸோடு நுழைவது அந்த வீட்டை அவமதிப்பது. திட்டு வாங்கினாள். ஒரு பாட்டி, “எங்கூட்டுச் சோறு உனக்கு ஆகாதா கண்ணு?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். போய்ப் பார்த்ததில், சில வீடுகளில் அடுப்பு நிஜமாகவே கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் வராத நாளிலும் அரைத்துவிட்ட குழம்பு வைத்து ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் இருந்தார்கள். சில வீடுகளில் மருமகள் சுவருக்கு மேலாகத் தட்டை நீட்டினாள், இரண்டு பேரும் அதை வெளியே சொல்வதில்லை. சில வீடுகளில் அடுப்பு மேல் பூனை தூங்கியது. கௌரவமும் உண்மை, பட்டினியும் உண்மை. பாடப் புத்தகமும் சரியாக இல்லை, நாங்கள் பெருமையாக எழுதியதும் சரியாக இல்லை. அவளுடைய புதிய நாலாவது அத்தியாயத்தை நீங்கள் இன்றும் வகுப்பில் நடத்துகிறீர்கள். பழையது என்னிடம் மட்டும் இருக்கிறது, தரமாட்டேன்.

எல்லா வீட்டுக்கும் முன்னால் அவள் போனது சொந்த வீட்டுக்கு. இதை எனக்கு அவள் சொன்னது வெகு நாள் கழித்துத்தான். தேர்வு முடிந்த அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில் தோப்புக்குள் நடந்து பின்பக்கமாகப் போயிருக்கிறாள். கதவு திறந்திருந்தது. அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது. மயிலாத்தா தரையில் உட்கார்ந்து, காலையில் போட்டு பிளாஸ்கில் வைத்திருந்த பால் விடாத வரக்காப்பியில் கடை வர்க்கி ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் டம்ளரை முந்தானைக்குள் மறைத்தாராம்.

“ஏங் கண்ணு, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற? இரு, ரெண்டே நிமிசம், தோசை ஊத்தறேன்” என்று எழுந்து தீப்பெட்டியைத் தேடினார்.

கோகிலா அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “வேண்டாம்மா. நீ சாப்பிடறதையே எனக்கும் குடு.”

“இது சாப்பாடா? ஒருத்திக்காக என்னத்துக்கு ஒல வெக்கறதுன்னு இன்னைக்கு மட்டும்...”

“சரிம்மா. இன்னைக்கு மட்டும் எனக்கும் குடு.”

இரண்டு பேரும் ஒரே டம்ளரில் வர்க்கியை நனைத்துச் சாப்பிட்டார்கள். காப்பி ஆறிப்போயிருந்ததாம். அதன்பிறகு அம்மா இருந்தவரை, வாரத்தில் எந்த நாள் என்று சொல்லாமல் அவள் போய்க்கொண்டே இருந்தாள். எப்போது வருவாள் என்று தெரியாததால் மயிலாத்தா தினமும் உலை வைக்க வேண்டியதாயிற்று. “உன்னால எனக்குப் பெரிய ரோதனை” என்று திட்டிக்கொண்டே வைப்பாராம். இதைச் சொல்லும்போதுதான் கோகிலா அழுதாள். எழுதாதீங்க என்றாள், எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்வாள்.

ஆகவே, பிள்ளைகளே, கருத்தரங்கை நன்றாக நடத்துங்கள். இரவல் கேள்விகளை மூட்டை கட்டித் திருப்பி அனுப்புங்கள், நான் தடுக்கவில்லை. அனுப்பிய பிறகு, நம் ஊர் பதில்களையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். களத்துக்குப் போனால் போடுகிற சோற்றைச் சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லி யாரையும் நோகடிக்காதீர்கள். பிறகு இன்னொரு நாள், சொல்லாமல் போங்கள்.

என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான், தினமும் போன் செய்கிறான். “சாப்ட்டியாம்மா?” என்பான். நல்லாத்தான் சாப்பிடறேன் என்பேன். அன்றைக்கு நீங்கள் வருவதாகச் சொன்னதால் பருப்பு வேக வைத்து, வெல்லம் போட்டு அரைத்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒப்புட்டு சுட்டேன். கை மறந்துபோயிருக்குமோ என்று பயந்தேன், மறக்கவில்லை. வீடெல்லாம் நெய் வாசனை, நீங்கள் போன பிறகும் வெகுநேரம் இருந்தது.

மறுபடி வாருங்கள். போன் மட்டும் செய்யாதீர்கள்.